வலது கார்னரில் நிற்பவர்

கபடியில் ஒரு ரைடுக்கு 30 விநாடி. ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி. இரு அணியும் மாறி மாறிப் பாடி வருவதால், கடைசிவரை வெளியேறாமல் களத்தில் நிற்கும் ஒரு கேச்சர் ஏறக்குறைய 40 ரைடுகளைச் சந்திக்கிறார். அந்த நாற்பதில் 5 புள்ளி பிடித்துவிட்டால் ‘ஹை ஃபைவ்’ என்று தொலைக்காட்சித் திரையில் பெரிய எழுத்து ஓடுகிறது. ரைடருக்கு அதே மரியாதை கிடைக்க 10 புள்ளி வேண்டும். அதற்கு ‘சூப்பர் டென்’ என்று பெயர். அதாவது நல்ல நாளில்கூடக் கேச்சரின் கணக்கு ரைடருடையதில் பாதிதான் என்று புரோ கபடி லீகே ஒப்புக்கொண்டிருக்கிறது. பாக்கி முப்பத்தைந்து ரைடுகளில் அவர் கால் மாற்றி நின்றார், பின்வாங்கினார், பக்கத்தில் நிற்பவரின் கையைப் பற்றினார், விட்டார். அதற்குப் புள்ளி இல்லை. ஆனால் தொழில் என்று பார்த்தால் அவருடைய தொழில் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும் ரக்பி லீக் என்றொரு ஆட்டம் உண்டு. பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிடம். பந்தோடு வருபவரைக் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்க்க வேண்டும். ஆறு முறை சாய்த்துவிட்டால் பந்து கைமாறும். முன்வரிசைக்காரர்கள் ஓர் ஆட்டத்தில் முப்பது, நாற்பது பேரைச் சாய்ப்பது அங்கே அதிசயமில்லை. பெயர் வாங்குவது கோட்டைத் தாண்டி ஓடும் பின்வரிசைக்காரர்; முட்டி தேய்வது முன்வரிசைக்காரருக்கு. இந்தப் பங்கீட்டை நம்மூரில் தேடினால் வந்து நிற்கும் இடம் கபடிக் களத்தின் மூலைதான். ஒரு வேறுபாடு உண்டு. ரக்பி முன்வரிசைக்காரர் இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூலையில் நிற்கும் கார்னர், இடிக்காமல் இருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. பாடி வருபவர் அதைத் தாண்டியாக வேண்டும். இன்னும் 1 மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் செல்லும். ஏழு பேர் அரைவட்டமாக நிற்கும்போது இரண்டு ஓரங்களிலும் ஆழத்தில் நிற்பவர்கள் கார்னர்கள், அவர்களுக்கு உள்பக்கமாக இன், பிறகு கவர், நடுவில் சென்டர். கவர் நிற்பவர் வேலை பாய்ச்சல்: தோளால் மோதி வெளியே தள்ளுவது, திரும்பி ஓடும் வழியை மறிப்பது. கார்னரின் வேலை வேறு. ரைடர் போனஸுக்குக் காலை நீட்டும் அந்த அரை நொடியில் ஒரு கால் தரையில், இன்னொன்று காற்றில் இருக்கும். எடை முழுக்கத் தரையில் நிற்கும் காலில். அந்தக் கணுக்காலைக் குனிந்து அள்ள வேண்டும். அள்ளியபின் தலையை உள்ளே கொடுத்துவிடக் கூடாது. ரைடரின் முட்டி நேரே முகத்துக்கு வரும். தலையை வெளிப்பக்கம் வைத்து, தோளைத் தொடையில் பதித்து, பின்னால் இழுக்க வேண்டும். அதற்குள் கவர் வந்து விழுந்துவிடுவார். வராவிட்டால் கார்னர் தனியாள்.

முந்திப் பாய்ந்தால் என்ன ஆகும்? ரைடருக்குப் புள்ளி, கார்னர் வெளியே. வெளியே போனவர் திரும்பி வர வேண்டுமென்றால் தன் அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்ற வேண்டும். ஆகவே ஒரு தவறான பாய்ச்சல் என்பது ஒரு புள்ளி மட்டுமல்ல. களத்தின் ஒரு மூலை அதுவரை காலியாகிவிடுகிறது என்று பொருள். இளம் கார்னர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறார்கள். ஆள் வந்துவிட்டான், கை பரபரக்கிறது, பாய்கிறார்கள். நாற்பது வயதுக்காரர் பாய மாட்டார். ரைடரின் தோளைப் பார்க்க மாட்டார், கண்ணைப் பார்க்க மாட்டார், இடுப்பைப் பார்ப்பார். இடுப்பு பொய் சொல்வது கடினம். வேகம் குறைந்த பிறகும் ஒருவர் இந்த இடத்தில் ஆட முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இதுதான். ரைடருக்கு அந்தச் சலுகை இல்லை. கால் ஒரு பிடி தளர்ந்தால் அவர் முடிந்தார்.

இதற்குத் தமிழ்நாட்டில் உயிருள்ள சான்று சேரலாதன் தர்மராஜ். தஞ்சை மாவட்டம் திருச்சனம்பூண்டியில் 1975-ல் பிறந்தவர். புரோ கபடி லீகின் முதல் ஆட்டம் நடந்தது 2014 ஜூலையில்; அப்போது அவருக்கு 39 வயது. மற்ற ஆட்டங்களில் அந்த வயதில் பயிற்சியாளர் நாற்காலிக்கு ஆள் தேடுவார்கள். இவர் வலது மூலையில் போய் நின்றார். 2016 ஜூலை 31-ல் ஹைதராபாத்தில் நடந்த நான்காம் பருவ இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸை 37-29 என்று வென்று பட்னா பைரேட்ஸ் கோப்பையை எடுத்தபோது அந்த அணியின் கேப்டன் அவர். வயது 41. அதே அணியின் மறு மூலையில், இடது கார்னரில், ஈரானிலிருந்து வந்த ஃபசல் அத்ராச்சலி நின்றார். புரோ கபடியில் 500 டேக்கிள் புள்ளிகளை முதலில் தொட்டவராகப் பிற்பாடு அறியப்பட்டவர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் தோற்று நாட்டையே திடுக்கிட வைத்த அணி அது. இறுதியில் ஈரானை 38-29 என்று வென்றது.

அதன்பின் புனேரி பல்டன், யு மும்பா, ஹரியானா ஸ்டீலர்ஸ், ஜெய்ப்பூர். ஹரியானாவில் கேப்டனாகவும் இருந்தார். கபடியின் தாய்வீடு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் மாநிலத்தின் அணியைத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் நடத்தினார் என்பதை நம் பத்திரிகைகள் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் குறை. எட்டாம் பருவம் 2021 டிசம்பரில் பெங்களூரில், பார்வையாளர் இல்லாத அரங்கில் தொடங்கியது. அப்போது அவருக்கு 46. களத்தில் இருந்த சிலர் பிறப்பதற்கு முன்பே ஆடத் தொடங்கியவர். வடக்கத்திப் பையன்களும் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர் கதையை இப்படிச் சொல்லும்போது திறமையும் உடற்பயிற்சியும் ஒருவரை எங்கே கொண்டுபோகும் பாருங்கள் என்று முடித்துவிடத் தோன்றும். அதில் எனக்கு உடன்பாடில்லை. திறமை எங்கள் திட்டக்குடிப் பக்கத்தில் குறைவில்லை. குறைவது வேறொன்று.

திட்டக்குடி கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம். தெற்கே வெள்ளாறு, ஆற்றைத் தாண்டினால் வேறு மாவட்டம். கிழக்கே பெண்ணாடம், அதற்கப்பால் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம். வடமேற்கே கீழச்செருவாயில் வெலிங்டன் ஏரி. ஏரித் தண்ணீர் எட்டும் இடத்தில் நெல்லும் கரும்பும். எட்டாத கொல்லைகளில் மக்காச்சோளம், பருத்தி. பொங்கலுக்கு அறுவடை முடியும். நிலம் காலி, ஆளும் கொஞ்சம் ஓய்வு. மாட்டுப் பொங்கலன்றோ காணும் பொங்கலன்றோ கபடி தொடங்கினால், அதன்பின் மாசி, சித்திரை, ஆடி என்று கோயில் திருவிழா எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஓர் ஆட்டம். சாலையோரம் ஃபிளக்ஸ் வைத்திருப்பார்கள்: மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி. முதல் பரிசு இவ்வளவு, இன்னார் நினைவாக. சுழற்கோப்பை இன்னார் அன்பளிப்பு. நுழைவுக் கட்டணம் இவ்வளவு. நடுவர் தீர்ப்பே இறுதியானது. கீழே ஐம்பது பேர் முகம். அதில் ஒருவர்கூட ஆடப்போகிறவர் இல்லை, எல்லாம் பரிசு கொடுப்பவர்கள்.

ஆட்டம் சாயங்காலம் என்று அறிவிப்பார்கள். முதல் அணி இறங்க ராத்திரி ஒன்பதாகும். முப்பது, நாற்பது குழுக்கள் வரும். நாக்-அவுட் முறை என்பதால் தோற்றவர்கள் வண்டியேறிவிடுவார்கள், ஜெயித்தவர்கள் விடிய விடிய ஆட வேண்டும். ஒரு குழு கோப்பையை எடுக்க ஒரே இரவில் பெரும்பாலும் ஐந்து ஆட்டம் ஆடியாக வேண்டும். நேரத்தைச் சுருக்கித்தான் நடத்துவார்கள், ஆனாலும் ஐந்து ஐந்துதான். களம் உழுது தண்ணீர் தெளித்து மிதித்த மண். சில ஊரில் வெள்ளாற்று மணலைக் கொட்டி நிரவியிருப்பார்கள். வெறுங்கால். அரையிறுதிக்கு வரும்போது விடிகாலை மூன்று மணி. இந்த நேரத்தில் ஒரு கார்னர் எப்படி நிற்கிறான் என்று பார்த்தால் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அத்தனையும் தெரிந்துவிடும். முதல் ஆட்டத்தில் எல்லாரும் குனிவார்கள். ஐந்தாம் ஆட்டத்தில் குனிபவன்தான் கார்னர்.

நல்ல பையன் என்று பெயர் பரவினால் பக்கத்து ஊர்க் குழுக்கள் கூப்பிடும். போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். ஒரே வாரத்தில் மூன்று ஊருக்கு மூன்று பனியனில் ஆடுகிறவர்கள் உண்டு. இதையும் தொழில்முறை ஆட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, அவ்வளவுதான். பகலில் அந்தப் பையன் கொத்தனாருக்குக் கையாளாகவோ, நெல் அறுக்கும் இயந்திரத்தோடோ, கல்லூரியிலோ இருப்பான். ராத்திரி ஆட்டம் என்றால் மறுநாள் கூலி போச்சு.

ஊருக்கு ஒரு குழு என்று பொதுவில் சொல்வார்கள். பல ஊர்களில் தெருவுக்கு ஒரு குழு, அதுதான் உண்மை. எந்தத் தெரு என்பதற்கு என்ன பொருள் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தெரு தாண்டிச் சேர்ந்து ஆடும் குழுக்களும் இருக்கின்றன. அவை கோப்பையை அதிகம் எடுக்கின்றன என்பதும் பார்த்தால் தெரிவதுதான். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025-ல் எடுத்த ‘பைசன் காளமாடன்’ படம் இந்த விஷயத்தைத்தான் பேசியது. களத்துக்கு வெளியே இருக்கும் கோடுகளைத் தாண்டுவதில் செலவாகும் வலு, களத்துக்குள் செலவாவதைவிட அதிகம். படம் ரைடரின் கதை. கேச்சரை நாயகனாக்கிப் படம் எடுப்பவர் இன்னும் வரவில்லை. ‘கில்லி’யும் ‘வெண்ணிலா கபடிக் குழு’வும் வந்து போய்விட்டன.

ஐந்து ஆண்டுகள் இப்படி ஊர் ஊராக ஆடும் ஒரு கார்னர் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கடந்திருப்பான். அதில் ஒன்றுக்காவது தாள் இருக்கிறதா? இல்லை. யார் எத்தனை பிடித்தார்கள் என்று எழுதிவைக்கும் புத்தகத்தை விடிந்ததும் யாரும் தேடுவதில்லை. கோப்பை குழுத் தலைவர் வீட்டு அலமாரிக்குப் போகும். பரிசுப் பணம் பிரிந்துவிடும். அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்பது வேறு தாள்: நாட்டுக்காக ஆடியதற்கு ஒரு படிவம், மாநிலத்துக்காக ஆடியதற்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கு ஒன்று. எந்தப் படிவத்திலும் திருவிழா ஆட்டத்துக்கு இடமில்லை. அந்தத் தாளைப் பெற வேண்டுமானால் மாவட்டக் கபடிக் கழகத்தின் தேர்வுக்குப் போக வேண்டும், மாவட்டத்துக்காக மாநிலப் போட்டியில் ஆட வேண்டும், அங்கே கண்ணில் பட வேண்டும். தேர்வு நடக்கும் தேதி ஃபிளக்ஸில் வராது. யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்குப் பள்ளியில் அக்கறையுள்ள ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் பையனுக்கு யோகம். இல்லாவிட்டால் வயது தாண்டிப் போனபின் கேள்விப்படுவான்.

வயது மட்டுமல்ல, எடையும் தாண்டிப் போகும். சப்-ஜூனியர் பையன்களுக்கு 16 வயது, 55 கிலோ என்பது வரம்பு. மூத்தோர் பிரிவில் 85 கிலோ. கார்னருக்கு அடி கனம் வேண்டும், தொடை வேண்டும். பதினைந்து வயதில் அப்படி வளர்ந்த பையன் 55 கிலோவில் நிற்பதற்காகப் போட்டிக்கு முந்தின நாள் பட்டினி கிடப்பான். எடை மேடையில் ஏறி இறங்கியதும் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு ஆடுவான். வளரும் உடம்புக்கு இதைவிடக் கெடுதல் எதுவுமில்லை. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு; காவலர் தேர்வில் 10 சதவீதம். ரயில்வே, வருமான வரி, அஞ்சல் துறை என்று அணி வைத்திருக்கும் மத்திய நிறுவனங்கள் தனி. கபடியில் நாட்டுக்காக ஆடிய தமிழர்களின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள், ஏதாவது ஒரு துறையின் பெயர் இருக்கும். பதக்கம் கழுத்தில் கிடந்தாலும் வீட்டில் அடுப்பெரித்தது அந்தத் துறையின் சம்பளம். ஆகவே ‘தொழில்முறைக் கபடி’ 2014-ல் லீகோடு பிறந்தது என்று சொல்வது சரியில்லை. அதற்கு முன்பே அது இருந்தது. அணி என்ற பெயரில் அல்ல, பணி நியமன ஆணை என்ற பெயரில்.

இதைப் புரிந்துகொள்ள ரக்பி லீக் பிறந்த கதை உதவுகிறது. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து விடுதி ஒன்றில் வட இங்கிலாந்தின் இருபதுக்கு மேற்பட்ட கிளப்புகள் கூடித் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்தன. சண்டை எதைப் பற்றி? நிலக்கரிச் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் வேலை பார்த்த வீரர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டுவதா கூடாதா என்பதைப் பற்றி. தெற்கத்திக் கனவான்கள் கூடாது என்றார்கள். பணம் வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை போய்விடுமாம். வயிற்றுப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்களுக்குத் தூய்மை மலிவாகக் கிடைக்கும். வடக்கத்திக்காரர்கள் பிரிந்துபோய்த் தனி ஆட்டமே உண்டாக்கினார்கள். 1898-ல் வெளிப்படையாகச் சம்பளம் என்று ஏற்றபோதும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: ஆடுபவருக்கு முறையான வேறு வேலை ஒன்று இருக்க வேண்டும். வேலையில்லாதவருக்கு ஆட்டமில்லை. நம் விளையாட்டு ஒதுக்கீடு இதை அப்படியே திருப்பிப் போட்டது. ஆட்டம் இருந்தால்தான் வேலை. இரண்டிலும் ஆட்டத்தால் மட்டும் வாழ முடியாது என்ற ஒரே அனுமானம் இருக்கிறது.

லீக் அந்த அனுமானத்தைத் தளர்த்தியிருக்கிறது, சிலருக்கு. 2014-ன் முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், 12.8 லட்சம். 2018-ல் மோனு கோயத் 1.51 கோடி. 2023-ல் பவன் ஷெராவத் 2.605 கோடி. ஏலத்தில் நான்கு பிரிவுகள். அடிப்படை விலை 30, 20, 13, 9 லட்சம். ஒன்பது லட்சம் என்பதே திட்டக்குடிப் பக்கத்தில் ஒரு குடும்பம் சில ஆண்டுகளில் பார்க்கிற பணம். உச்ச விலைகளில் பெரும்பாலானவை ரைடர்களுக்கு. இதை உடைத்தவர் ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயி. தடுப்பையே முதல் ஆயுதமாகக் கொண்ட ஆல்ரவுண்டர். 2023-ல் 2.35 கோடி, 2024-ல் 2.07 கோடி, 2025-ல் 2.23 கோடி என்று மூன்று ஆண்டும் வேறு வேறு அணிகள் அவரை வாங்கின. மூலையில் நிற்பவருக்கு இப்படி ஒரு விலை வரும் என்று சேரலாதன் ஆடத் தொடங்கிய காலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

லீகில் தமிழ்நாட்டின் அணியான தமிழ் தலைவாஸ் 2017-ல் வந்தது. அஜய் தாக்கூர் இமாச்சலம். சுர்ஜீத் சிங் ஹரியானா. பவன் ஷெராவத் டெல்லி. சாகர் ரதி ஹரியானா. அணியின் கேப்டன்களை இப்படி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் தமிழ்ப் பெயர் வரக் காணோம். பிரபஞ்சன், அருண், அபிஷேக், அஜித் குமார் என்று நம் பையன்கள் இந்த அணியிலும் பிற அணிகளிலும் ஆடியிருக்கிறார்கள், சிலர் நன்றாகவே. ஆனால் முதுகெலும்பு வடக்கிலிருந்து வருகிறது. இதை அணி நிர்வாகத்தின் ஓரவஞ்சனை என்று சமூக ஊடகத்தில் திட்டுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏலத்துக்கு முன் ஓர் அணி பார்ப்பது தேசியப் போட்டிகளின் காணொளியையும் புள்ளிக் கணக்கையும். ஹரியானாவின் சோனிபத், ரோத்தக் பக்கத்துக் கிராமங்களில் பையன் பத்து வயதிலேயே அகாடமியில், மேட் மேல் ஆடுகிறான். அங்கிருந்து மாநிலம், ராணுவம், ரயில்வே, லீக் என்று ஏணி இடைவெளி இல்லாமல் போகிறது. நம்மிடம் அடிப்படி பெரியது, உச்சிப்படி இருக்கிறது, நடுவில் நான்கு படி இல்லை. தாளில்லாத நூறு இரவுகளை ஏலத்தில் யாரும் படிக்க முடியாது.

மேட் ஒரு தனி விஷயம். மண்ணில் ஆடிப் பழகிய கார்னர் முதல்முறை மேட்டில் இறங்கினால் தடுமாறுவான். மண்ணில் ரைடரின் கால் சற்று வழுக்கும். அந்த வழுக்கலைக் கணக்கில் வைத்துத்தான் கணுக்காலுக்குக் குனிவான். மேட்டில் ரப்பர் ஷூ பிடித்து நிற்கிறது, ரைடர் வெட்டித் திரும்புகிறார், கைக்குள் காற்றுதான் இருக்கிறது. சொந்த முட்டிக்கும் ஆபத்து: பாதம் தரையில் ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திருகும். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல் தசைநார் அறுவது இந்தத் தொழிலின் பொதுவியாதி. பவன் ஷெராவத்தையே 2022-ல் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முட்டி போய், அந்தப் பருவம் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமலேதான் அந்த அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது என்பது கபடியின் குறும்பு. கோடி ரூபாய் முட்டிக்கு அறுவை மருத்துவரும் இயன்முறைப் பயிற்சியாளரும் இருந்தார்கள். மறு ஆண்டு அதைவிட அதிக விலைக்குப் போனார். திருவிழா ஆட்டத்தில் அறும் முட்டிக்கு எண்ணெய் நீவல், கட்டு, ஆறு மாதம் வீட்டுத் திண்ணை. பிறகு அந்தப் பையன் நடுவராகிவிடுவான்.

முட்டியோடு போனால் பரவாயில்லை. 2022 ஜூலையில் இதே கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாடிப் போன கல்லூரி மாணவர் ஒருவர் பிடியில் விழுந்தார். மறித்தவரின் உடம்பு மேலே விழுந்தது. எழுந்திருக்க முயன்று சாய்ந்தவர் பிறகு எழவில்லை. கைப்பேசிக் காணொளி நாடு முழுக்க ஓடியது. பார்த்தவர்கள் விழுந்தவரைப் பார்த்தார்கள். பிடித்தவரையும் நான் நினைத்துக்கொள்கிறேன். விதிப்படிதான் ஆடினார், நாற்பது ரைடுகளில் ஒன்றைப் பிடிப்பதைப்போலத்தான் அதையும் பிடிக்கப் போனார். களத்தின் ஓரத்தில் ஒரு ஆம்புலன்ஸும் மூச்சு நின்றால் நெஞ்சழுத்தம் கொடுக்கத் தெரிந்த ஓர் ஆளும் நிற்க வேண்டும் என்பது முதல் பரிசுத் தொகையை விடச் சிறிய செலவு. ஃபிளக்ஸில் ஐம்பது முகம் போட இடமிருக்கிறவர்களுக்கு இதற்கு இடமில்லாமல் போகாது. இங்கிலாந்தில் முன்னாள் ரக்பி லீக் வீரர்கள், தலையில் பட்ட அடிகளால் நினைவாற்றல் கெட்டுப்போனதாகச் சொல்லித் தங்கள் ஆட்சிக்குழுவை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்கிறார்கள். நம் கார்னர் நெற்றியில் வாங்கும் முட்டி இடிகளை எண்ண இங்கே ஆளில்லை. வழக்குப் போடலாமென்றால் யார்மேல் போடுவது, திருவிழாக் கமிட்டி மேலா?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் பையன்கள் அணியும் பெண்கள் அணியும் கபடியில் தங்கம் வென்றன. சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா பெண்கள் அணியில். திருவாரூர் மாவட்டம் வடுவூரின் அபினேஷ் பையன்கள் அணியில். மாநில அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. வடுவூர் எங்கள் பக்கத்து ஊர்களைவிடப் பெரிதல்ல, வசதியானதும் அல்ல. அங்கேயும் ஆட்டம் மண்ணில்தான் தொடங்கியது. ஆனால் அந்த ஊரில் ஒரு பையன் நன்றாக ஆடினால் எங்கே அனுப்ப வேண்டும் என்று முந்தின தலைமுறைக்குத் தெரியும். ஏனென்றால் அவர்களில் பலர் ஏற்கெனவே போய் வந்திருக்கிறார்கள், விளையாட்டுத் தாளில் வேலையும் வாங்கியிருக்கிறார்கள். ஊரில் ஒருவர் வேலை வாங்கிவிட்டால் அடுத்த பத்துப் பேருக்குத் தேர்வுத் தேதி தெரிந்துவிடுகிறது.

திட்டக்குடி வட்டத்தில் அடுத்த பொங்கலுக்கும் ஃபிளக்ஸ் வரும். குழுக்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் எப்படியும் இருக்கிறது. எந்த ஊர், எத்தனை ரூபாய் என்று எழுத. அதில் ஆடுபவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் எடையையும், ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை பிடித்தார்கள் என்பதையும் எழுதி, மறுநாள் காலை மாவட்டக் கழகத்துக்கு ஒரு நகல் அனுப்ப நடுவருக்கு அரைமணி நேரம் ஆகும். மாவட்டத் தேர்வுத் தேதியை அந்த ஃபிளக்ஸின் கீழ்வரியில் போட அச்சகத்துக்காரர் கூடுதல் பணம் கேட்கப்போவதில்லை.